ஐப்பசி நோட்டு

அக்டோபர் வந்தால் எங்கள் டீம் மீட்டிங்குகள் ஒரே மாதிரிதான் தொடங்கும். பாஸ்டன் பக்கம் இருக்கும் யாராவது ஒருவர் லேப்டாப்பை ஜன்னலுக்குத் திருப்பி, வெளியே நிற்கும் மேப்பிள் மரத்தைக் காட்டுவார். சிவப்பும் மஞ்சளுமாக எரிந்துகொண்டிருக்கும். எல்லோரும் ஒரு நிமிடம் வியப்போம். அப்புறம் யாராவது கேட்பார்கள், "உங்க ஊர்ல ஃபால் எப்படி இருக்கும்?"

எட்டு வருடங்களாக அதற்கு நான் சொன்ன பதில், "மழை."

பள்ளிக்கூடத்தில் 'ஆட்டம்' என்றால் இலையுதிர் காலம் என்று எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் செஞ்சியில் அக்டோபரில் எந்த மரமும் இலையை உதிர்ப்பதில்லை. எங்கள் வேம்பும் புங்கனும் அரசும் இலை கொட்டுவது மாசி, பங்குனியில். அப்போது கோட்டைக் குன்றுகள் வெறும் பாறைக் குவியலாக, யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டியதுபோல் கிடக்கும். ஐப்பசியில்தான் அந்தப் பாறைகளின் இண்டு இடுக்கிலெல்லாம் பச்சை பிடிக்கும். வேலியில் செங்காந்தள் பூக்கும். சந்தையில் சீத்தாப்பழத்தைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். அவர்களுடைய காலண்டரில் எல்லாம் முடிகிற மாதத்தில் எங்களுக்கு எல்லாம் முளைக்கும்.

பழைய கணக்கில் இதற்கு வேறு பெயர் உண்டு. ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர். இலையைப் பார்த்து வைத்த பெயர் இல்லை, குளிர்காற்றைப் பார்த்து வைத்தது. பத்துப்பாட்டில் இருக்கும் நெடுநல்வாடை முழுக்கவே இந்தக் கூதிர்தான். 188 அடி. அதில் எனக்குப் பிடித்தது பெரிய விஷயங்கள் இல்லை. மழையில் எதெல்லாம் வேலையில்லாமல் கிடக்கிறது என்று நக்கீரர் ஒரு பட்டியல் போடுகிறார். வேனிலில் வீசிய விசிறி மடங்கித் தொங்குகிறது. சந்தனம் அரைக்கிற கல் சும்மா கிடக்கிறது. குளிர்ந்த தண்ணீரை யாரும் தேடுவதில்லை. வருடம் முழுக்க ஓடிய பொருள்கள் எல்லாம் ஓய்ந்திருக்கின்றன.

2024 ஐப்பசியில் நானும் அந்தப் பட்டியலில் இருந்தேன்.

*

அப்பா மோட்டார் காயில் கட்டுகிறவர். செஞ்சியில் 'வைண்டிங்' என்றால் போதும். நெல்லும் மணிலாவும் விளைகிற ஊர். கிணறு இருக்கிற இடமெல்லாம் மோட்டார் இருக்கும், மோட்டார் இருக்கிற இடமெல்லாம் அது எரியும். மும்முனை மின்சாரம் நாளில் சில மணி நேரம்தான். மீதி நேரத்தில் இரண்டு பேஸில் கண்டன்சர் போட்டு ஓட்டுவார்கள். ஓட்டினால் எரியும். எரிந்தால் டிவிஎஸ் எக்ஸெல் பின்னால் சாக்கு போட்டுக் கட்டிக்கொண்டு அப்பாவிடம் வருவார்கள். சித்திரை, வைகாசியில் கடை வாசலில் பத்துப் பதினைந்து மோட்டார் வரிசையில் நிற்கும். "மாஸ்டர், பயிர் காயுது மாஸ்டர்" என்று ராத்திரி பத்து மணிக்கும் ஆள் நிற்பார்கள்.

ஐப்பசியில் யாரும் வர மாட்டார்கள். கிணறு நிரம்பியிருக்கும், வயலில் தண்ணீர் நிற்கும். மோட்டாருக்கு என்ன வேலை?

அந்த வேலை எனக்குப் பிடிக்காது. எரிந்த எனாமலும் வார்னிஷும் சேர்ந்த நாற்றம் என் பள்ளிச் சட்டைகளில் இருந்தது. லீவு நாட்களில் என்னைக் கடையில் உட்காரவைத்து எண்ணச் சொல்வார். எரிந்த காயிலை ஒரு பக்கம் வெட்டிப் பிடுங்கி எடுத்தால் கம்பிகள் சின்ன விளக்குமாறு மாதிரி வரும். ஒரு ஸ்லாட்டில் எத்தனை சுத்து என்று அந்தக் கம்பி முனைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணவேண்டும். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. நடுவில் யாராவது கூப்பிட்டால் முதலில் இருந்து. இன்ஜினியரிங் சேர்ந்ததும், அப்பா என்ன செய்கிறார் என்று ஹாஸ்டலில் கேட்டபோது "எலக்ட்ரிகல்ஸ் பிசினஸ்" என்றேன். பொய் இல்லை. ஆனால் எதற்காக அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும்.

நான் கட்டுரைகள் எழுத ஆரம்பித்துப் பத்து வருடம் ஆகிறது. சினிமா பற்றி, மொழிபெயர்ப்பு நாவல்கள் பற்றி, செயற்கை நுண்ணறிவு பற்றிக்கூட எழுதியிருக்கிறேன். அப்பாவின் கடை பற்றி ஒரு வரி எழுதியதில்லை. அந்த வருடம் எதையுமே எழுதவில்லை.

*

வேலை போனது அக்டோபர் முதல் வாரத்தில். பன்னிரண்டு நிமிட வீடியோ கால். நான் இரண்டு தடவைக்கு மேல் பேசியிராத ஒருவர் ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். சாயங்காலத்துக்குள் எல்லா அக்கவுண்ட்டும் மூடிவிட்டது. மூன்றாம் நாள் கூரியர்காரர் வந்து லேப்டாப்பை வாங்கிக்கொண்டு போனார்.

பத்தாம் தேதி ராத்திரி கோயம்பேட்டில் பஸ் ஏறினேன். வீட்டில் சொல்லவில்லை. ஆயுத பூஜைக்கு லீவு என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் கடையில் பூஜை. அப்பா ஒவ்வொன்றையும் துடைத்து வரிசையாக வைத்தார். சுத்துப் போடுகிற மரக்கட்டைகள், நோஸ் பிளேயர், ஸ்லாட்டில் பேப்பர் தள்ளுகிற மூங்கில் குச்சி, மைக்ரோமீட்டர், மெக்கர், சீரியஸ் லேம்ப். அம்மா சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தவள் என்னைப் பார்த்தாள்.

"உன் லேப்டாப்ப கொண்டாடா. வருசா வருசம் வெப்பம்ல."

"சர்வீசுக்குக் குடுத்திருக்கேம்மா."

அப்பா திரும்பிப் பார்த்தார். முப்பது வருடத்துக்கு மேலாக சர்வீஸ் வேலை பார்க்கிற மனிதரிடம் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கக் கூடாது. எதுவும் கேட்கவில்லை. சூடத்தை ஏற்றினார். பூசணிக்காயை என்னிடம் கொடுத்து உடைக்கச் சொன்னார்.

பிறகு, லீவு ஏன் முடியவில்லை என்று அம்மா கேட்பதற்கு முன்பாகவே, அப்பா எனக்கு ஒரு வேலை கொடுத்தார். "கண்ணுல பொரை விழுந்திருக்கு. எழுத்து தெரியல. நோட்டு எழுதணும். எழுதித் தர்றியா?"

*

ஐப்பசியில் அப்பா நோட்டு எழுதுவார். எனக்குத் தெரிந்ததுதான், ஆனால் திறந்து பார்த்ததில்லை. வருடம் பூராவும் கட்டிய மோட்டார்களின் கணக்கைக் கைக்குக் கிடைத்ததில் கிறுக்கி வைத்திருப்பார். தினசரி காலண்டர் தாள், வார்னிஷ் டின் லேபிள், கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம். வேலை ஓய்ந்த ஐப்பசியில் அதையெல்லாம் எடுத்து நீள நோட்டில் எடுத்து எழுதுவார். கடை ஆரம்பித்த 1991-இலிருந்து.

அந்தத் தாள்கள் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. நான் எழுத, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சந்தேகம் வந்தால் சொன்னார். குதிரை சக்தி, எத்தனை ஸ்லாட், எத்தனை சுத்து, என்ன கேஜ், எவ்வளவு செம்பு. கடைசியில் ஒரு கட்டம்: 'சொன்னது'.

அது என்ன என்று பழைய நோட்டுகளைப் புரட்டினேன். ஒரு மோட்டாரின் கணக்கை அவரே எரிந்த காயிலை எண்ணிக் கண்டுபிடித்திருந்தால் அங்கே ஒரு கோடு போட்டிருப்பார். வேறு யாராவது சொன்னதாக இருந்தால் அவர் பெயர். 'திண்டிவனம் மாஸ்டர்.' 'வந்தவாசி பாய்.' 'சேத்துப்பட்டு பையன், பேர் கேட்கல.' ஒரு பக்கத்தில், 'மேல்மலையனூர் விவசாயி சொன்னது. ஃபேன் பக்கம் சூடு ஏறுதுன்னு தொட்டுப் பார்த்துச் சொன்னார். சரியா இருந்தது.' திண்டிவனம் மாஸ்டர் செத்துப் பல வருடம் ஆகிறது. அதற்குப் பிறகும் அவர் பெயர் வந்துகொண்டே இருக்கிறது, அவர் சொன்ன கணக்கு உதவிய ஒவ்வொரு முறையும்.

எங்கள் தொழிலில் ஒரு கட்டளை உண்டு. ஒரு நிரலின் எந்த வரியை யார் எழுதினார் என்று அது காட்டும். அதற்கு வைத்திருக்கும் பெயர் 'பிளேம்'. பழி. ஏதாவது உடைந்தால்தான் அதை ஓட்டுவோம். நன்றாக ஓடுகிற வரியை யார் எழுதியது என்று நான் ஒருநாளும் தேடிப் பார்த்ததில்லை.

உடைந்ததும் அப்பாவின் நோட்டில் இருந்தது. 1997-இல் ஒரு பக்கம்: 'தப்பு. 42 போட வேண்டியதில் 38 போட்டேன். கம்பி பத்தலைன்னு குறைத்தது. ஒரு வாரத்தில் எரிந்தது. நான் செய்தது. திருப்பிக் கட்டிக் கொடுத்தாச்சு. காசு வாங்கலை.'

"நாலு சுத்து குறைஞ்சா எரியுமாப்பா?"

"எரியாம? சுத்து கொறைஞ்சா கரண்ட்டு ஜாஸ்தி இழுக்கும். சும்மா ஓடும்போதே சூடாவும். மொத நாள் நல்லாதான் ஓடும். அதான் அதுல மோசம்."

கம்பெனியில் ஒவ்வொரு பெரிய பிழைக்குப் பிறகும் நாங்களும் அறிக்கை எழுதுவோம். யாரையும் குற்றம் சொல்லாமல் எழுதுவது விதி. நல்ல விதிதான், பயமில்லாமல் உண்மை வரும். ஆனால் அப்படி எழுதி எழுதி எல்லா வாக்கியமும் 'கட்டமைக்கப்பட்டது', 'கவனிக்கப்படவில்லை' என்று ஆகிவிட்டது. 'நான் செய்தது' என்று நான் எழுதிய அறிக்கை எதுவும் என் நினைவில் இல்லை.

*

தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் மழை விட்டிருந்தது. காலையில் அப்பா, "கோட்டைக்குப் போலாமா" என்றார். சின்ன வயதில் ஐப்பசியில் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். அவருக்கு அந்த மாதத்தில்தான் நேரம்.

செஞ்சிக்கு வெளியூர்க்காரர்கள் ராஜகிரி ஏறத்தான் வருவார்கள். சுமார் 800 அடி. உச்சிக்கு முன்னால் பாறை பிளந்த ஒரு பள்ளம், அதன்மேல் ஒரு பாலம். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே போக வழியில்லை. 1690 முதல் 1698 தொடக்கம் வரை ராஜாராமை உள்ளே வைத்து ஜுல்பிகர் கானின் மொகலாயப் படை இந்தக் கோட்டையைச் சுற்றி முற்றுகை போட்டது. அத்தனை வருட ஐப்பசி மழையும் கூடாரத்தில். நெடுநல்வாடையின் கடைசியிலும் ஒரு பாசறை வருகிறது. வாடை அடிக்கும் நள்ளிரவில் அரசன் தூங்காமல், காயம்பட்ட வீரர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்கிறான். முற்றுகைக் கூடாரங்களில் அப்படி யாராவது நடந்திருப்பார்களா என்று நினைத்துக்கொள்வேன். தேசிங்கு ராஜா செத்ததும் இதே பருவம்தான், 1714 அக்டோபரில். வயது இருபத்திரண்டு என்பார்கள். ஆற்றில் வெள்ளம் போகும்போது குதிரையை இறக்கினான் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். கூத்தில் அந்த இடம் வரும்போது பாட்டிகள் மூக்கைச் சிந்துவார்கள்.

அப்பாவுக்கு ராஜா கதையில் ஆர்வமில்லை. மேலேயும் ஏற மாட்டார், முட்டி வலி. அவருக்குப் பிடித்தது கல்யாண மகால். எட்டு அடுக்கு. அதற்கு மண் குழாயில் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். "மோட்டார் இல்லாம மேல ஏத்தியிருக்கான் பாரு" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். அன்றைக்கும் சொன்னார். புல்வெளி ஈரமாக இருந்தது. தட்டான்கள் கூட்டமாகப் பறந்தன. படியில் துண்டை விரித்து உட்கார்ந்தோம்.

"வேல போயிடுச்சுப்பா."

அவர் குன்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்:

"எரிஞ்சது மோட்டாரா, லைனா?"

கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் கேட்கிற கேள்வி அது. கோளாறு மோட்டாரிலா, வருகிற மின்சாரத்திலா? லைனைச் சரிபார்க்காமல் புதுக் காயில் கட்டினால் அதுவும் எரியும்.

"லைன்தான்பா. நூத்துக்கணக்குல எடுத்துட்டாங்க."

"லைன்ல ஒரு பேஸ் போனா மோட்டார் இன்னா பண்ணும்."

எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் ஒரு வாரமாக அவருடைய நோட்டை எழுதிக்கொண்டிருந்தேன். எல்லாம் லைன் கோளாறு என்று சொல்ல முடியவில்லை. கடைசி இரண்டு வருடம் நான் சுத்துக் குறைத்துத்தான் கட்டிக்கொண்டிருந்தேன். கருவி எழுதிக் கொடுத்த நிரலைப் படிக்காமலே ஒப்புதல் போட்டது உண்டு. கூட வேலை பார்த்த பெண் சொன்ன யோசனையை என்னுடையதுபோல மீட்டிங்கில் சொன்னது உண்டு. முதல் நாள் நன்றாகத்தான் ஓடியது. வேலை போனதற்கு இவை காரணம் இல்லை, அந்தப் பட்டியலை யாரும் அப்படிப் பார்த்துப் போட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் இவை நடந்தன.

அதையும் சொன்னேன். அப்பா முழுக்கக் கேட்டார்.

"அந்தப் பொண்ணு பேர் இன்னா?"

சொன்னேன்.

"அவளாண்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லு."

அவ்வளவுதான். அறிவுரை இல்லை, ஆறுதலும் இல்லை. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "அம்மாவுக்கு நானே சொல்லிக்கிறேன்" என்றார். அன்று ராத்திரி அந்தப் பெண்ணுக்கு எழுதினேன். இரண்டு வரிதான். எழுத இரண்டு மணி நேரம் ஆனது. அவள் பதில் ஒரு வாரம் கழித்து வந்தது. அது எங்கள் இருவருக்குள் இருக்கட்டும்.

*

நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. கடந்ததோடு போகவில்லை, அங்கேயே நின்றுவிட்டது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. விழுப்புரம் மாவட்டம் முழுக்கத் தண்ணீர். திருவண்ணாமலையில் மலை சரிந்து ஏழு பேர் மண்ணுக்குள் போனார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். கூதிரை ரசிக்கிறவன் இதையும் சேர்த்துத்தான் எழுதவேண்டும். எங்கள் பருவம் ஜன்னல் வழியாகக் காட்டுகிற மாதிரியானது இல்லை.

தண்ணீர் வடிந்ததும் கடை வாசலில் மோட்டார்கள் வந்தன. ஐப்பசி, கார்த்திகையில் அப்படி ஒரு வரிசையை அப்பாவே பார்த்ததில்லை. எல்லாம் சேறு. எரிந்தவை இல்லை, மூழ்கியவை. மூழ்கிய மோட்டாரைப் பிரித்து, கழுவி, ஸ்டேட்டருக்குள் குண்டு பல்பைத் தொங்கவிட்டு இரண்டு நாள் காயவைத்து, மெக்கரில் பார்த்தால் பாதிக்கு மேல் தேறிவிடும். புதுக் காயில் வேண்டாம். கட்டினால் ஆயிரக்கணக்கில் காசு. காயவைத்தால் வெறும் கூலி. வந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அப்பா ஒவ்வொருவரிடமும், "கட்ட வேணாம், காயட்டும், ரெண்டு நாள் கழிச்சி வா" என்றார்.

ராத்திரி கடை ஷட்டரைப் பாதி இறக்கினால் உள்ளே இருபது மோட்டாருக்குள் இருபது பல்பு எரியும். கார்த்திகை விளக்கு வைத்த மாதிரி இருந்தது. ஈர மண் வாசனையும் வார்னிஷ் வாசனையும். அந்த நாற்றம் எனக்குப் பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதில் உட்கார முடிந்தது.

தேறாதவற்றைக் கட்டினோம். அப்பாவுக்குக் கம்பியின் கேஜ் கண்ணில் பிடிபடவில்லை. எனாமலைச் சுட்டு, துடைத்து, மைக்ரோமீட்டரில் வைத்து நான் வாசித்தேன். வெட்டிய காயிலை மடியில் வைத்து எண்ணினேன். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. போன் அடித்தது. எடுக்கவில்லை. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு.

எண்ணும்போது வேறு எதையும் நினைக்க முடியாது. பல மாதமாக ஒரு பத்தி எழுத முடியாமல் கிடந்தவனுக்கு, அந்த வாரம் ராத்திரிகளில் எழுத வந்தது. என்ன காரணம் என்று பெரிதாக யோசிக்கவில்லை. பிறருடைய கணக்கை இரண்டு மாதம் எடுத்து எழுதியதில் கை பழகியிருக்கலாம். எழுதுவது என்றாலே புதிதாக ஏதாவது சொல்லவேண்டும் என்று இருந்தேன். அப்பா வருடா வருடம் ஐப்பசியில் செய்தது, நடந்ததைத் திருத்தமாக இன்னொரு முறை எழுதுவது மட்டும்தான்.

எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். திருக்குறளில் அந்த அதிகாரத்தின் பெயர் செய்ந்நன்றி அறிதல். நன்றி என்றால் அங்கே ஒருவர் நமக்குச் செய்த நன்மை. அதைச் சொல்லச் சொல்லவில்லை, அறியச் சொல்கிறது. அறிவது என்றால் என்ன என்று கேட்டால், அப்பாவின் நோட்டில் கடைசிக் கட்டத்தைத்தான் காட்டுவேன்.

*

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமானது. மராட்டியர்களின் பன்னிரண்டு கோட்டைகளைச் சேர்த்து யுனெஸ்கோ அறிவித்ததில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். பஸ் ஸ்டாண்டில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். "இனிமே டிக்கெட் ஏத்திடுவான்" என்றார் அப்பா. பொரையை ஆபரேஷன் செய்து எடுத்தாயிற்று, ஒரு கண்ணில்.

எனக்கு வேறு வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் முன்பைவிடக் குறைவு, வீட்டிலிருந்து செய்யலாம். மாதத்தில் பத்து நாள் செஞ்சியில் இருக்கிறேன். புது டீமிலும் ஒருவர் அக்டோபரில் மரத்தைக் காட்டினார். நான் போனைத் திருப்பிக் குன்றைக் காட்டினேன். இது எங்கள் ஃபால், இங்கே இப்போதுதான் இலை வருகிறது என்றேன்.

இந்த ஐப்பசியிலும் பிஸ்கட் டின் இறங்கியது. அப்பாவுக்கு இப்போது எழுத்து தெரிகிறது, ஆனாலும் நோட்டை என்னிடம்தான் தள்ளினார். புயல் சமயத்தில் கட்டிய ஒரு அஞ்சு எச்பி மோனோபிளாக்கின் கணக்கு விட்டுப்போயிருந்தது. இருபத்துநாலு ஸ்லாட், நாற்பத்திரண்டு சுத்து. எழுதினேன். கடைசிக் கட்டத்துக்கு வந்தேன். அந்தக் காயிலை நானேதான் எண்ணினேன். கோடு போட்டிருக்கலாம்.

"யார் சொன்னதுன்னு போட்டியா?"

"போட்டேம்பா."

அவர் எட்டிப் பார்க்கவில்லை. வெளியே தூறல் கனமானது. கரண்ட் போனது. ஒரு பேஸ்தானா, மூன்றுமா என்று பார்க்க டெஸ்ட் லேம்பை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.